ஆணி அடிக்காமல் ஓர் ஓவியக் கண்காட்சி

பாழடைந்து கிடந்த பொதுமன்றத்தை ஊரார் சேர்ந்து புதுப்பித்து முடித்ததும் எழும் முதல் ஆசை, அந்த வெள்ளைச் சுவரில் நம் ஊர்க்காரர்கள் வரைந்த படங்களை மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது. நல்ல ஆசை. அதைச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் நிறைவேற்ற முடியும், அப்படித்தான் நிறைவேற்ற வேண்டும். எப்படி என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரியை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. வாசகசாலையாகவும் பஜனைக் கூடமாகவும் இருந்த கட்டடத்தை மீட்டெடுத்த பிறகு, அங்கு நடக்கும் கண்காட்சிகளின் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏ.சி. அறையும் தனி ஊழியர்களும் இல்லாத, திருமண வரவேற்புக்கும் கிராமக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடப்படும் மன்றங்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். நம் ஊர்களில் இருப்பவை அவைதானே.

சுவரைப் படியுங்கள்

படங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். சிமெண்ட் பரவுவதற்கு முந்தைய கட்டடம் என்றால் செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் காரைதான் பூசியிருப்பார்கள். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுப் பிசைந்த பூச்சு அது. இந்தப் பூச்சு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயிலும் காற்றும் வந்ததும் வெளியே விட்டுவிடும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அப்படியே காற்றோடு போய்விடுவதால்தான் இத்தனை மழைக்காலங்களைத் தாண்டி அந்தக் கட்டடம் நிற்கிறது. அதன்மேல் சிமெண்டையோ பிளாஸ்டிக் எமல்ஷனையோ பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும், செங்கல் பொடியும். "கண்காட்சிக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே" என்று யாராவது டிஸ்டம்பரையோ எமல்ஷனையோ கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். சுண்ணாம்பு வெள்ளையைவிட நல்ல பின்னணி ஓவியத்துக்குக் கிடையாது. கண்ணைக் குத்தாத வெள்ளை அது.

விரல் முட்டியால் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசை வந்தால் காரை செங்கல்லோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்ற வெற்றோசை வந்தால் அங்கே காரை விலகி நிற்கிறது. அந்த இடங்களைப் பென்சிலால் மெல்லக் குறித்துவையுங்கள். அவற்றின் அருகில் எதையும் சாய்க்கக் கூடாது, தொங்கவிடவும் கூடாது.

ஆணி ஏன் கூடாது என்பது இப்போது புரியும். காரை மென்மையானது, ஆணியைப் பிடித்துக்கொள்ளாது. சுத்தியல் அடியின் அதிர்ச்சியில் சுற்றிலும் தட்டு அகலத்துக்குப் பூச்சு விலகும், அன்று தெரியாது, அடுத்த மழையில் உதிரும். டிரில் போட்டாலும் இதே கதைதான். இருபுறமும் ஒட்டும் டேப்பும் உதவாது. சுண்ணாம்பு வெள்ளையை அப்படியே உரித்துக்கொண்டு வரும்.

புதிதாகக் காரை பூசிய சுவர் என்றால் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு, காற்றில் உள்ள கார்பன் டைஆக்ஸைடை உறிஞ்சி உறிஞ்சித்தான் இறுகுகிறது. அதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதுவரை சுவர் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்த அடுத்த மாதமே திறப்பு விழாவும் கண்காட்சியும் வைக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். திறப்பு விழாவை வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்த படங்களுக்கு ஒரு கோடை கழியட்டும்.

எப்போது நடத்துவது

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் காகிதத்திலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டி, காலையும் மாலையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால் எந்த மாதம் உகந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

எங்களுக்குத் தையும் மாசியும்தான் சரியாக அமைகின்றன. அறுவடை முடிந்து கையில் ஓய்வும் கொஞ்சம் பணமும் இருக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்திருப்பார்கள், மாசி மகத்துக்குக் கும்பகோணம் வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவார்கள். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கும்பகோணத்தைச் சுற்றி மன்றம் வைத்திருப்பவர்கள் இப்போதே அதற்குத் திட்டமிடலாம்.

மழைக்கு முன்பே மேலே ஏறிப் பார்த்துவிட வேண்டும். பழைய கூடங்கள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் தளம்தான். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் செங்கல் ஜல்லி கொட்டி, மேலே தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கும், கட்டையின் முனை சுவருக்குள் இருந்தபடியே உளுத்துப்போகும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. பிறகு அதை அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். எல்லா ஊருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்காது.

யாருடைய படங்கள்

இங்கே எனக்குப் பிடிவாதம் உண்டு. ஊர் மன்றத்தின் முதல் கண்காட்சி ஊர்க்காரர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பெயர் பெற்ற ஓவியர் ஒருவரைச் சென்னையிலிருந்து அழைத்தால் பத்திரிகையில் செய்தி வரும். ஆனால் பக்கத்துத் தெருக்காரர், "இது நமக்கான இடம் இல்லை போல" என்று வாசலோடு போய்விடுவார்.

இந்தக் கட்டடங்கள் பொதுமக்கள் கூடுவதற்காகவே கட்டப்பட்டவை. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சிஷோமின் வடிவமைப்பில் 1880களின் கடைசியில் எழுந்த அந்தக் கூடத்தில் விவேகானந்தர் 1897இல் பேசினார், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. மேடைப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் இடம் கொடுத்த கூடம் ஓவியத்துக்கும் கொடுக்கும்.

எங்கள் பகுதியில் தேடிப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிறவர்கள், சுவாமிமலையில் மெழுகுக் கருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள், சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதும் குடும்பங்கள், நெட்டி என்னும் நீர்த்தாவரத் தண்டில் கோபுரம் செதுக்குகிறவர்கள், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்கள். கருப்பூர்க் கலம்காரி எனப்படும் அந்தத் துணி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அதை நேரில் பார்த்திராதவர்கள் பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு சுவரை மட்டும் விளம்பரப் பலகை எழுதியவர்களுக்கென்று ஒதுக்குங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் நம் ஊரின் கடைப் பெயர்கள், பால் டிப்போ பலகைகள், தேர்தல் சுவர்கள், டூரிங் டாக்கீஸ் தட்டிகள் எல்லாம் சிலருடைய கையெழுத்தில் இருந்தன. கயிற்றில் நீலப்பொடி தோய்த்துச் சுவரில் சுண்டிக் கோடு போட்டு, அளவுகோல் இல்லாமல் 'க'வும் 'ஞ'வும் எழுதுவார்கள். அந்த வளைவுகளைப் பார்த்துத்தான் நான் எழுத்துருவையே கற்றேன். அவர்களில் பலர் இன்று வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயிண்ட் கடையில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பரணில் ஒரு தகரப் பலகையாவது இருக்கும். எதுவும் மிஞ்சவில்லை என்றால் ஒரு பலகையும் எனாமலும் வாங்கிக் கொடுத்து, கூலியும் கொடுத்து, கண்காட்சியின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். வாசலில் ஃபிளெக்ஸுக்குப் பதிலாக அது நிற்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் படங்களைப் போட்டி வைத்துப் பொறுக்காதீர்கள். ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து அந்த வகுப்பில் எல்லோருடையதையும் மாட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு குடும்பமே வரும்.

மாட்டும் முறை

கூடத்தின் குறுக்கே உத்திரங்கள் போகும் அல்லவா? அவையே நமக்குத் துணை. உத்திரத்திலும் துளை போட வேண்டாம். பழைய பருத்தித் துணியை நான்கு மடிப்பாகச் சுற்றி, அதன் மேல் பட்டையான நாடாக் கயிற்றைக் கட்டி, கீழே ஒரு கண்ணி விடுங்கள். ஓர் உத்திரத்தின் கண்ணியிலிருந்து அடுத்ததன் கண்ணிக்கு ஓர் அங்குல ஜி.ஐ. குழாயைச் சுவருக்கு நான்கு விரல் தள்ளிச் செருகினால் நீண்ட சுவர் முழுவதற்கும் மாட்டுக்கம்பி தயார். அதிலிருந்து கொக்கி போட்டு மெல்லிய எஃகுக் கம்பி வடத்தை இறக்குங்கள். நைலான் கயிறு வேண்டாம், பாரத்தில் நீளும், ஒரு வாரத்தில் படங்கள் ஏறுக்குமாறாக நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடம். ஒற்றை வடத்தில் தொங்கும் படம் மின்விசிறிக் காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தின் பின்புறம், கீழ் மூலைகள் இரண்டிலும் பாட்டில் தக்கையை வில்லையாக வெட்டி ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று போக வழி கிடைக்கும், சட்டம் சுண்ணாம்பையும் உரசாது. மொத்த வேலையிலும் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இந்தத் தக்கைதான்.

எல்லாச் சுவரிலும் குழாய் ஓட்ட முடியாது. அங்கே மடக்குத் தட்டி. எட்டடி உயரப் பிளைவுட் பலகைகள் மூன்றைக் கீல் போட்டு இணைத்து, கோணல்மாணலாக விரித்து நிறுத்தினால் தானாக நிற்கும். மேலே காடாத் துணியை இழுத்துக் கட்டுங்கள். இதில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அடியில் ரப்பர் துண்டு ஒட்டாவிட்டால் சிவப்புச் சிமெண்ட் தரையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் கீறல் விழும். கண்காட்சி முடிந்ததும் மடக்கி ஓர் ஓரத்தில் சாய்த்துவிடலாம், மறுநாள் வளைகாப்புக்குக் கூடம் காலி. ஆனால் தட்டிகளை மண் தரையிலோ சுவரை ஒட்டியோ மாதக்கணக்கில் விடாதீர்கள். கரையான் தேக்கை விட்டுவிட்டுப் பிளைவுட்டைத் தேடி வரும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பெரிதும் சிறிதுமான படங்களின் மேல்விளிம்பை ஒரே கோட்டில் நிறுத்த முயல வேண்டாம், நடுப்புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றால் போதும். பிள்ளைகளின் படங்களை மட்டும் ஒரு சாண் இறக்குங்கள். தன் படத்தைப் பார்க்க ஒரு பிள்ளை எம்பக் கூடாது.

தஞ்சாவூர் ஓவியத்தைத் தொங்கவிடாதீர்கள். பலகையும் கண்ணாடியும் தேக்குச் சட்டமும் சேர்ந்து நல்ல கனம். கனத்த மரத் தாங்கியில் சற்றே பின்சாய்த்து வையுங்கள். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடாக்கித் தங்க ரேக்கு பதித்த வேலை அது. ஈரம் பட்டால் மேடு விரியும், ரேக்கு தூக்கும். கண்ணாடியைத் துடைக்க நினைப்பவர் ஈரத் துணியைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலம்காரித் துணியைக் கிளிப்பில் மாட்டினால் அந்த இரண்டு இடத்திலும் இழை இழுக்கும். மேல் விளிம்பில் தளர்வாக ஓர் உறை தைத்து மூங்கில் கழியைச் செருகித் தொங்கவிடுவதே முறை. நெட்டி வேலைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம், ஒரு குழந்தையின் விரல் போதும் உடைய. மாடிக்கூடம் உள்ளவர்கள் விக்கிரகங்களை மேலே ஏற்ற வேண்டாம். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நடுத்தளத்தைத் தவிர்த்து, கட்டைகள் சுவரில் அமரும் ஓரமாக வையுங்கள்.

வெளிச்சம்

நீர்வண்ணமும் காகித வேலையும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் தாங்காது. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு இது. கைபேசியில் இதை அளக்கும் செயலிகள் உள்ளன. துல்லியமாக இல்லாவிட்டாலும் எந்த மூலை ஆபத்து என்று காட்டிவிடும். வெயிலில் மங்கிய வண்ணம் திரும்பாது.

வடக்குச் சன்னல் வெளிச்சம் ஓவியத்துக்கு நல்லது, வெயில் நேராக விழாது என்று படித்திருப்பீர்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. நாம் இருப்பது ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில். ஏப்ரல் பின்பாதி முதல் ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில் வெயில் இறங்கும். மற்ற மாதங்களில் தெற்குச் சன்னல். மேற்கு எப்போதுமே ஆபத்து. கண்காட்சி நடக்கப்போகும் மாதத்தில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை கூடத்திலேயே உட்கார்ந்து, வெயில் விழும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். சன்னல்களை மூடிவிடாதீர்கள், காற்று வேண்டும். சலவை செய்யாத காடாத் துணியை இரட்டையாகத் தொங்கவிட்டால் வெளிச்சம் வடிந்து வரும்.

விளக்குகளுக்கு நிறத்தை உள்ளபடி காட்டும் எல்.இ.டி. வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். மலிவான விளக்கின் கீழ் தங்க ரேக்கு பித்தளையாகத் தெரியும், எழுதியவர் மனம் நோகும். வயரைப் புதைக்கச் சுவரைக் கொத்த எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள். உத்திரத்தின் ஓரமாகவே ஓட்டச் சொல்லுங்கள்.

வாங்குவதும் விவரம் எழுதுவதும்

படம் கொண்டுவருபவர் நம் சித்தப்பாவாக இருந்தாலும் ரசீது எழுதுங்கள். முன்புறமும் பின்புறமும் புகைப்படம், ஏற்கெனவே உள்ள கீறல், விலை, விற்றால் மன்றத்துக்கு எவ்வளவு, என்று திருப்பித் தரப்படும், சேதமானால் யார் பொறுப்பு. இரண்டு கையொப்பம், இரண்டு பிரதி. உறவு கெடாமல் இருப்பதற்கு இந்தத் தாள் உதவும்.

விவரச்சீட்டைப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதுங்கள். ஓவியர் பெயர், ஊர், எதில் எதைக்கொண்டு செய்தது, ஆண்டு. அதற்குக் கீழே ஓவியரே சொன்ன ஒரு வாக்கியம் இருந்தால் மக்கள் நின்று படிக்கிறார்கள். "இந்தச் சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்து வந்தது" என்பது போன்ற வாக்கியம் போதும். விலையை மறைக்காதீர்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே வாங்காமல் போகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

திறப்பு நாள்

குத்துவிளக்கை ஏற்றாமல் விழா நடக்காது. அதைத் தாழ்வாரத்தில் வையுங்கள். எண்ணெயும் கரியும் கூடத்துக்குள் வர வேண்டாம். சந்தனம், குங்குமத் தட்டும் வெளியிலேயே, பக்கத்தில் கை துடைக்க ஒரு துண்டு. கற்பூரம், ஊதுபத்தி கூடாது என்று பெரியவர்களிடம் முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். மாவிலைத் தோரணத்தைத் தூணில் கட்டுங்கள், நிலைப்படியில் ஆணி தேடுவார்கள், கவனம். அரிசிமாக் கோலம் வாசலில் மட்டும். உள்ளே போட்டால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் பல்லி வரும். காபியும் சுண்டலும் வெளியே பந்தலில்.

வழக்கமாகச் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களின் மேசையை அகற்றாதீர்கள். கண்காட்சி நடக்கும்போதும் அது அங்கேயே இருக்கட்டும். அவர்கள்தான் தினமும் வருபவர்கள், படங்களைப் பற்றி ஊருக்குச் சொல்பவர்கள், யார் கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்பவர்கள். மதியத்தில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு வசதியாகத் திறந்துவையுங்கள். சமையல் முடிந்து, பள்ளி விடுவதற்கு முன் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். இரவு பூட்டும் முன் சன்னல்களையும் மேல் வென்டிலேட்டர் வலையையும் பாருங்கள், வௌவாலுக்கு இரண்டு விரல் இடைவெளியே போதும்.

இறக்கும்போது

மாட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் இறக்குங்கள், ரசீதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விற்ற பணத்தை ஓவியர் கேட்டு வரும்வரை காத்திராமல் அன்றே வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். குழாய்களை இறக்கியதும் உத்திரத்துத் துணிச்சுற்றை அவிழ்த்து மரத்தில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பென்சிலால் குறித்த இடங்களைத் திரும்பத் தட்டிப் பாருங்கள். வெற்றோசை பரவியிருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை மழைக்கு முன் கூப்பிட வேண்டும். சிமெண்ட் மூட்டையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடுக்காய் ஊறவைக்க எத்தனை நாள் என்று கேட்பவருக்கு முன்பணம் கொடுங்கள்.